ஏலத்தில் உன்ரை குரல் கேட்கக் கூடாது

கொக்குவில்

அன்பு மகளுக்கு,

"உந்தக் காரை ஏன் வெட்டினீங்கள்? கறண்ட் அடிக்காதோ? எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, நானே எடுக்கிறன்." அப்பப்பாவின் கார்ச் சாமான்களில் நாங்கள் செய்து ஏலத்தில் விடப்போகிற கொம்பியூட்டர்க் கூட்டின் படம் கிடைச்ச உடனே நீ அனுப்பின மூன்று வரியும் இவைதான். மூன்றாவது வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதல் இரண்டுக்கும் பதில் தராமல் அதற்குப் போனால் நீ விடமாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதோ?

கார் வெட்டுப்பட்டு எத்தனையோ வருஷம். நீ பார்த்து வளர்ந்தது அதின்ரை மிச்சத்தைத்தான். அப்பப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சொமசெற், 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்த மாதிரி, 1200 சிசி எஞ்சின். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போன காலத்திலும் அது ஓடினது. கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. எஞ்சினுக்குள் எண்ணெய்க் கலவையை அமத்துகிற விகிதம் ஏழுக்குக் கிட்டத்தான் இருந்ததால் அந்தப் பழைய எஞ்சின் மண்ணெண்ணெயையும் குடிச்சது. இப்போதைய கார்களுக்கு அதை ஊத்தினால் தட்டித் தட்டியே செத்துப்போகும். 1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமச் சனம் முழுக்க வெளிக்கிட்ட இரவு, எங்களிட்டை அந்த மண்ணெண்ணெயும் இல்லை. உன்னைச் சைக்கிள் பாரில் இருத்தி உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினோம். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது சீற்றும் இல்லை, கண்ணாடியும் இல்லை, பற்றறியும் இல்லை. ஆர் எடுத்தது என்று கேட்க ஆர் இருந்தது?

அதுக்குப் பிறகு நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குடுத்து முடிச்சேன். ஒரு கதவு இணுவிலில் ஓடின இன்னொரு ஏ40க்குப் போனது. கியர் பெட்டி மானிப்பாய்ப் பக்கம். பழைய கார் தேடித் திரியிற ஆட்கள் கொழும்பிலிருந்து வந்து, குனிஞ்சு சட்டத்தைப் பார்த்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனார்கள். உப்புக்காத்து அடிப்பக்கத்தைச் சல்லடை ஆக்கிவிட்டது. மிஞ்சினது பெற்றோல் தாங்கி, ஹெட்லைற் இரண்டு, டாஷ்போட், ஸ்ரியரிங், பொனெற்றின் மூக்கில் இருந்த செட்டை வைச்ச ஏ எழுத்துச் சின்னம், பறக்கிற ஏ. இவ்வளவும்தான் பின்கோடியில் தகரத்தின் கீழே கிடந்தது. பழைய இரும்புக்காரன் இரண்டு தரம் விலை கேட்டான்.

என்னிடம் வேலை பழகுகிற பொடியன்தான் இதைக் கொம்பியூட்டர் கூடாக்கி ஏலத்தில் விட்டு, காசைச் செயற்கைக் கால் செய்கிற இடத்துக்குக் குடுப்பம் என்று சொன்னது. அவன் சொன்னதும் பெயின்ற் அடிக்கிற மாமா கிறைண்டரை நிப்பாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கால் ஒருதரம் போட்டால் முடிஞ்ச விஷயம் இல்லை என்பதை நானே இப்பதான் வடிவாக விளங்கினேன். பாதம் தேயும், மாத்த வேணும். சின்னப் பிள்ளை என்றால் வளர வளர முழுக் காலையும் மாத்த வேணும். ஜெய்ப்பூர் பாதத்தை உருவாக்கின ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற வைத்தியரும் 1960களின் கடைசியில் அதை ரப்பரில்தான் செய்தார்கள். சர்மா லொறி ரயருக்கு ரப்பர் ஒட்டுகிறதைப் பார்த்துத்தான் யோசனை பிடிச்சவர் என்று ஒரு கதை சொல்லுவார்கள். மாமா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் அரை மெக்கானிக், அரை ரயர்" என்றார். அவர் எப்பவும் இப்படித்தான்.

தாங்கிதான் கூடு. படத்தில் நீ அதைக் கண்டுபிடிக்கவில்லை, சந்தோஷம். பொடியன் முதல் நாளே கிறைண்டரைத் தூக்கிக்கொண்டு அதுக்குக் கிட்டப் போனான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாயும் குலைச்சது. இருபது வருஷமாகக் காய்ஞ்சு கிடக்குது, என்ன இருக்கப்போகுது என்கிறான். பிள்ளை, நிறைஞ்ச தாங்கியைவிட வெறும் தாங்கிக்குத்தான் பயப்பட வேணும். எரிகிறது திரவம் இல்லை, ஆவி. அது காத்தைவிடப் பாரம். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கு, எண்ணெய் குலுங்காமல் இருக்க வைச்சது; அந்த மூலையில் பிசினும் கறளும் சேர்ந்து எண்ணெயைப் பிடிச்சு வைச்சிருக்கும். சூடு பட்டால் அதில் இருந்து திரும்ப ஆவி கிளம்பும். தாங்கிக்கு நேரே வெல்டிங் பிடிச்சு உயிரை விட்டவர்களின் கதை இல்லாத பட்டறை கிடையாது. சலவைச் சோடாவும் கொதிதண்ணியும் விட்டுக் கழுவி, பிறகு வெட்டுகிற கோடு மட்டும் தண்ணி நிரப்பி, பொறி பறக்காமல் கைவாளால் அறுத்தோம். மூடி முழுக்கத் திறந்து, உள்ளே சுரண்டி, வெயிலில் போட்ட பிறகுதான் கிறைண்டரை அவன்ரை கையில் குடுத்தேன். அவனுக்கு அலுப்பு. இருக்கட்டும்.

உள்ளே பூட்டுகிற தட்டை நாங்கள் செய்யவில்லை. மதர்போட்டுக்கு, அதாவது கொம்பியூட்டரின் முதன்மைப் பலகைக்கு, துளை ஒரு மில்லிமீற்றர் தவறினாலும் பின்பக்க வாய்கள் ஒத்து வராது. அதனால் பழுதாய்ப்போன கொம்பியூட்டர் ஒன்றின் கூட்டிலிருந்து அந்தத் தட்டையும் பின்பக்கத் தகட்டையும் வெட்டி எடுத்துத் தாங்கிக்குள் றிவெற் அடிச்சோம். நீ போன முறை கொண்டுவந்து தந்த போட் 244 மில்லிமீற்றர் சதுரம், தாராளமாக இருந்தது. பித்தளைக் குமிழுக்கு மேலே அது நிற்கிறது. தகட்டில் முட்டினால் சோட் ஆகிப்போகும். இரும்புத்தூள் ஒரு பொட்டு மிஞ்சக் கூடாது என்று மாமா கம்பிறசர் பிடிச்சு ஊதினார், பிறகு காந்தம் கட்டித் தடவினார்.

ஹெட்லைற்றில்தான் எனக்குக் கணக்குப் படிச்ச காலத்துச் சந்தோஷம் வந்தது. காத்தாடி 120 மில்லிமீற்றர் சதுரம், மூலைக்கு மூலை அளந்தால் கிட்டத்தட்ட 170. ஹெட்லைற் ஏழு அங்குலம், அதாவது 178. அளந்து செய்த மாதிரி உள்ளே போய் இருந்துவிட்டது! முன்னாலே லைற் வாயால் குளிர்காத்தை இழுத்து, பின்னாலே மேல்பக்கத்தால் சூட்டை வெளியே விடுகுது. 140 காத்தாடிதான் நல்லது என்று பொடியன் நின்றான். மூலைக்கு மூலை எவ்வளவு வரும் என்று கேட்டேன். கணக்குப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

போடுகிற சுவிச்சுக்கு அவன் கார்ச் சாவியைத்தான் சொன்னான். சாவி திருப்பினால் திருப்பின இடத்தில் நிற்கும். கொம்பியூட்டருக்கு ஒரு தட்டுத் தட்டி விட வேணும். நாலு செக்கன் அளவுக்குப் பிடிச்சுக்கொண்டிருந்தால் அது தானாக அணைஞ்சுபோகும். அப்ப எது பொருத்தம்? ஸ்ரியரிங்கின் நடுவிலிருக்கிற ஹோர்ன். அமத்துகிற நேரம் மட்டும் தொடும், விட்டால் விடும். இப்ப ஹோர்ன் அடிச்சால் கொம்பியூட்டர் எழும்புகுது. பேரனுக்கு இதைக் காட்டாதே, இரவெல்லாம் கேட்பான்.

எண்ணெய் அளவு காட்டுகிற மீற்றர் பொடியன்ரை வேலை. சின்ன ஆர்டுயினோ பலகை ஒன்றை வைச்சு, கொம்பியூட்டர் எவ்வளவு பாடுபடுகுதோ அந்த அளவுக்கு முள்ளு ஏறுகிற மாதிரிச் செய்திருக்கிறான். சும்மா நிற்கிற நேரம் தாங்கி வெறுமை, கடும் வேலை செய்தால் நிறைஞ்சுபோகும். அப்பப்பா கண்டால் தலைகீழ் வேலை என்று ஏசுவார். வெப்ப மீற்றர் வேலை செய்யாது. அதின்ரை குழாய்க்குள் இருந்த திரவம் எப்பவோ போய்விட்டது, அழகுக்குத்தான் கிடக்குது.

கறண்ட் பயம் உனக்கு வேண்டாம். 230 வோல்ற் மூடின பவர் சப்ளைக்குள்ளேயே நிற்கிறது. அதில் இருந்து வெளியே வாறது 12 வோல்ற்றும் அதுக்குக் கீழேயும்தான். அந்தக் காரும் 12 வோல்ற்தான், ஆனால் பற்றறியின் நேர்முனையைக் காரின் உடம்பில் பூட்டின கார் அது. இதில் கூட்டில் தொடுகிறது எதிர்முனைப் பக்கம், பூச்சிய வோல்ற். பழக்கத்தில் நான் மாறிக் கொழுவிவிடுவேனோ என்று பொடியன் பின்னாலேயே நின்றான். பவர் சப்ளை பூட்டுகிற இடத்தில் பெயின்றைச் சுரண்டி வெறும் இரும்பில் பூட்டினோம். பிளக்கின் எர்த் முனைக்கும் பறக்கிற ஏயின் செட்டைக்கும் மீற்றர் பிடிச்சுப் பார்த்தேன், தடை இல்லை. மூன்று முனையை இரண்டு முனையாக்குகிற அடப்ரர் போட்டு ஓட்டக் கூடாது என்று வாங்குகிறவரிடம் எழுதியே குடுக்கப்போகிறேன்.

இனி உன்ரை மூன்றாவது வரி.

நீ எடுக்காதே. அண்ணாவும் எடுக்க வேண்டாம், லண்டனில் இருக்கிற சித்தப்பாவும் வேண்டாம். கோயிலில் ஒரு மாம்பழம் லட்சக்கணக்கில் ஏலம் போகிற ஊர் இது. அந்த ஏலத்தில் என்ன நடக்கும் என்று நீயும் பார்த்திருக்கிறாய். இஞ்சை நிற்கிறவன் பத்தாயிரம் என்கிறான், ஆரோ ஒருத்தர் போனைக் காதில் வைச்சுக்கொண்டு வெளிநாட்டுத் தொகை ஒன்றைச் சொல்லுகிறார், இவன் கையை மடக்கிக்கொண்டு பின்னுக்குப் போகிறான். அடுத்த முறை அவன் வாறதே இல்லை. காசு கூடச் சேரும், உண்மைதான். ஆனால் இந்த முறை இஞ்சை உழைக்கிற ஒருத்தன் தன்ரை காசைப் போட்டு எடுக்க வேணும் என்று எனக்கு ஆசை. கார் பழக்குகிற ஒருத்தர் கேட்டிருக்கிறார். தன்ரை வாசலில் வைக்க வேணும் என்று டியூட்டரிக்காரர் ஒருத்தர் வந்து இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் மோதட்டும். இன்னொரு விஷயம், நானும் பொடியனும் சேர்ந்துதான் அதைத் தூக்குகிறோம். அதை ரொறன்ரோவுக்கு அனுப்புகிற கூலியில் எத்தனை பாதம் செய்யலாம்?

அப்பப்பாவின் கார் அந்நியரிடம் போகுதே என்று நீ அம்மாவுக்குச் சொன்னாயாம். அப்பப்பா வாடகைக்கு ஓடின மனுசன். அந்தக் காரில் சொந்தக்காரர் ஏறினதைவிட அந்நியர் ஏறினதுதான் கூட. சொந்தக்காரர் ஏறினால் காசு தரமாட்டார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டிருப்பார். எடுக்க வைச்ச காசை நேரே கால் செய்கிற இடத்துக்கு அனுப்பு, பற்றுச்சீட்டும் வாங்கு. உன்ரை பேரை ஏலத்தில் சொல்லத் தேவையில்லை. காரின் சின்னத் தகடு, ஒஸ்ரின் என்று எழுதினது, அதை மட்டும் நான் கழற்றி வைச்சிருக்கிறேன். அது உனக்கு. பொடியனுக்குக் கோபம், முகப்பு வெறிச்சென்று இருக்குதாம்.

அம்மாவுக்கு முழங்கால் நோ குறைஞ்சிருக்கு. மருமகனிடம் ஒரு உதவி கேள். பவர் சப்ளை பூட்டுகிற ஆணி, 6-32 என்பார்கள், அங்குலத்துக்கு 32 புரி. இஞ்சை பழைய கூடுகளில் கழற்றினதுதான் கிடைக்குது, பாதி தேய்ஞ்சது. எம்3 ஆணியை முறுக்கினால் லொடலொடவென்று ஆடும். ஆடியில் வரும்போது ஒரு பைக்கற் கொண்டுவாருங்கோ, பொடியன் இப்பவே லம்பிரெட்டா ஸ்கூட்டர் ஒன்றின்ரை பக்கத் தகட்டைக் கழற்றி வைச்சிருக்கிறான்.

இப்படிக்கு
அன்புடன்
அப்பா