மத்தியதரைக் கடலின் சூறாவளி

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்குச் சிசிலியிலேயே, கத்தானியாவில் வேலை கிடைத்த செய்தி வீட்டில் எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி. பலெர்மோவிலிருந்து மூன்று மணி நேரப் பயணம்தானே, அடிக்கடி போய்ப் பார்க்கலாம். இங்கே நாங்கள் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் சில பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன்.

நீ கேட்ட கேள்வி என்னை இரண்டு நாள் பிடித்துவைத்திருந்தது. "மத்தியதரைக் கடலிலும் கண் உள்ள சூறாவளி வருமாமே, செய்மதிப் படத்தில் பார்த்தேன். கடல் 26 பாகைக்கு மேல் சூடாக இருந்தால்தான் சூறாவளி பிறக்கும் என்றல்லவா படித்தோம்?" என்று எழுதியிருந்தாய். படித்தது சரிதான். ஆனால் அந்த 26 பாகை அயனமண்டலக் கடல்களுக்கான கணக்கு. சூறாவளிக்கு உணவாவது கடலின் சூடு மட்டுமல்ல. கடலுக்கும் அதற்கு மேலேயுள்ள வானத்துக்கும் இடையிலான வேறுபாடுதான். வங்கக் கடலில் மேல்வானம் அவ்வளவாகக் குளிர்வதில்லை. அதனால் அந்த வேறுபாட்டைக் கடலே தன் சூட்டால் உண்டாக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பக்கத்தில் வானம் பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடுகிறது.

அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஐரோப்பாவுக்கு மேலே மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றோட்டம் சில வேளைகளில் பெரிதாக வளைந்து தெற்கே இறங்கும். வளைவு முறிந்தால் வடக்கிலிருந்து வந்த குளிர்காற்றின் ஒரு பகுதி தனியாகத் துண்டிக்கப்பட்டு, சிசிலிக்கோ கிரேக்கத்துக்கோ மேலே தங்கிவிடும். கீழே கடல் சூடு, மேலே வானம் கடுங்குளிர். கடற்பரப்பின் ஈரக்காற்று தடையின்றி மேலெழுகிறது. மேலே போய் நீராவி ஒடுங்கி மழைத்துளியாகும்போது, ஆவியாவதற்கு வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிலோ நீராவிக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ஜூல். அந்த வெப்பத்தால் நடுப்பகுதி சூடாக, அமுக்கம் குறைகிறது; அமுக்கம் குறையக் காற்று வேகம் பிடிக்கிறது; வேகமான காற்று கடலிலிருந்து இன்னும் கூடுதலாக நீராவியை எடுக்கிறது. குளிர்ந்த மையத்தோடு தொடங்கிய ஒரு சாதாரணத் தாழமுக்கம் இப்படித்தான் சூடான மையமும் கண்ணும் கொண்ட சூறாவளியாக மாறுகிறது. வானிலையாளர்கள் இதை மெடிகேன் என்கிறார்கள். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் கெரி இமானுவேல் 2005இல் இந்த விளக்கத்தைத் தெளிவாக முன்வைத்தார்.

இதற்கு நான் மாணவர்களிடம் காட்டும் சான்று 1995 ஜனவரியில் வந்த சூறாவளி. நடுக்குளிர்காலம், கடலின் சூடு 16 பாகை அளவில்தான் இருந்தது. அந்த வழியில் இருந்த ஜெர்மானிய ஆய்வுக்கப்பல் 'மெற்றியோர்' மணிக்கு 135 கிலோமீற்றர் வேகக் காற்றைப் பதிவுசெய்தது. 16 பாகைக் கடலில்! முதன்முறை வாசித்தபோது எழுந்து அறைக்குள் நடந்தேன்.

ஆனால் இவை நம் சூறாவளிகள் அளவுக்குப் பெரிதாவதில்லை. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் விரைவிலேயே கரை வந்துவிடும். சகாராவின் வறண்ட காற்று உள்ளே புகுந்தால் மேகங்கள் கலைந்துவிடும். சூறாவளி வெளியிடும் வெப்பமே மேலிருக்கும் குளிரையும் தின்றுவிடுகிறது. குறுக்களவு பெரும்பாலும் 300 கிலோமீற்றருக்குள். ஆயுள் இரண்டு மூன்று நாள். சராசரியாக ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு வருகின்றன. 2014 நவம்பரில் மால்ட்டாவைத் தாக்கிய கென்ட்ரெசாவும், 2020 செப்டெம்பரில் கெஃபலோனியாத் தீவில் கரைதொட்ட இயனோசும் கடுமையானவை.

ரவி, இந்த இடத்தில்தான் நான் நிதானமாக எழுத வேண்டும். நீ கேட்டது கண்ணைப் பற்றி. எனக்கு அச்சம் தருவது மழை. 2023 செப்டெம்பரில் வந்த டானியேலை எடுத்துக்கொள். 5ஆம் திகதி கிரேக்கத்தின் சகோரா என்ற ஊரில் ஒரே நாளில் 754 மில்லிமீற்றர் கொட்டியது. மட்டக்களப்புக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி அது. பிறகு தெற்கே நகர்ந்து, அந்தக் கோடையில் வழமையைவிடப் பல இடங்களில் 2, 3 பாகை கூடுதலாகச் சூடேறியிருந்த கடலின் மேல் சூறாவளியின் உருவத்தை எடுத்து, 10ஆம் திகதி லிபியாவை அடைந்தது. காற்றின் வேகம் மணிக்கு 70, 80 கிலோமீற்றர்தான். வங்கக் கடலில் அது ஆகக் கீழ்ப்படியிலுள்ள புயல். ஆனால் அல்பைதா நகரில் 24 மணி நேரத்தில் 414 மில்லிமீற்றர் பெய்தது. 11ஆம் திகதி விடியுமுன் டெர்னா நகருக்கு மேலேயிருந்த இரண்டு அணைகளும் உடைந்தன. 1970களில் கட்டியவை. பராமரிக்காவிட்டால் பேரழிவு நேரும் என்று அந்நாட்டு நீரியல் ஆய்வாளர் ஒருவர் 2022இலேயே எழுதியிருந்தார். நகரத்தின் நடுப்பகுதி உறங்கிக்கொண்டிருந்த மக்களோடு கடலுக்குள் போனது. ஆயிரக்கணக்கான உயிர்கள். அந்தச் செய்தியை இன்றும் என்னால் அமைதியாக வாசிக்க முடியவில்லை.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் நீயும் நானும் அனுபவித்தது காற்று. கூரைகளும் தென்னைகளும் போனதைக் கண்டதால் நம் தலைமுறை சூறாவளியைக் காற்றின் வேகத்தாலேயே அளக்கிறது. அங்கே அந்த அளவுகோல் உதவாது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். இனி மெடிகேன்களின் எண்ணிக்கை குறையக்கூடும், ஆனால் வருபவை வலுவாக வரும் என்பதுதான் பல ஆய்வுகளின் கணிப்பு.

2021 ஒக்டோபர் இறுதியில் அப்பல்லோ என்ற மெடிகேன் உருவான நாட்களில் கத்தானியாவின் வீதிகள் ஆறாக ஓடி உயிர்கள் போனதை நீயே அறிவாய். மகன் இப்போது அதே ஊரில். அவன் பார்த்திருக்கும் வீடு கீழ்த்தளமா, மேல்தளமா? எட்னா மலைச் சரிவிலிருந்து வரும் நீர் அந்தத் தெருவழியாகத்தான் இறங்குமா? அக்கம்பக்கத்து முதியவர்களிடம் கேட்கச் சொல். செப்டெம்பர் முதல் ஜனவரி வரை சிவப்பு எச்சரிக்கை வந்தால் வாகனத்தை எடுக்கவேண்டாம், பாலங்களுக்கு அடியில் போகவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

வீட்டு விபரத்தை மறக்காமல் எழுது. உன் இல்லாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அன்புடன்,
தேவா
மட்டக்களப்பு