திருமணத்திற்கு முன்பே ரூபெல்லா தடுப்பூசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுக் குடும்பங்களில் திருமணமும், முன்னோரை வழிபடும் படைப்பும் நடக்கையில், வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினர்கள் கைக்குழந்தைகளோடு ஒரே வளவு வீட்டில் நாள்கணக்கில் தங்குகிறார்கள். தட்டம்மையோ, தடுப்பாற்றல் இல்லாதவர்களிடையே ஒரே நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடியது.

தட்டம்மையையும், ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ரூபெல்லாவையும் தடுக்கும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியை அரசு குழந்தைகளுக்கு 9 முதல் 12 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்திலும் இலவசமாகப் போடுகிறது. பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை, அதற்கு இம்மூன்று நோய்களையும் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசியைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

என் பெருங்கவலை பெரியவர்களைப் பற்றியது. 2017-இல் தமிழகத்தில் நடந்த தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிச் சிறப்பு முகாம் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டுமே என்பதால், அப்போதே அந்த வயதைக் கடந்திருந்த பெண்களில் பலர் இன்று பாதுகாப்பின்றித் தாய்மை அடையக்கூடும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால், குழந்தை கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஆகியவற்றோடு பிறக்க நேரிடலாம். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைப் போடக் கூடாது; போட்ட பிறகும் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். எனவே திருமணம் நிச்சயமானதுமே மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது.

அம்மை கண்டால் வேப்பிலை செருகி மாரியம்மனை வேண்டும் நம்பிக்கையில் நானும் வளர்ந்தவள்தான். அந்த வழிபாட்டுக்கு ஊசி எவ்விதத்திலும் குறுக்கே நிற்பதில்லை. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழாவின்போது, பெரியவர்களுக்கும் ஆலோசனை தரும் தடுப்பூசி முகாமைச் சுகாதாரத் துறை அங்கேயே நடத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காரைக்குடி