மீஞ்சூர், பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை சைக்கிள் வழி கேட்டு மனு

அனுப்புநர்:
ஞாயிறுதோறும் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர்க்காரர்கள், வடசென்னை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: பொன்னேரி வட்டத்தின் கிராமச் சாலைகளை அகலப்படுத்தாமல், இருக்கிறபடியே சைக்கிள் வழியாக அறிவித்துப் பாதுகாப்பு செய்து தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் பதினான்கு பேர். போட்டிக்கு ஓட்டுகிறவர்கள் யாரும் இல்லை. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுபவர் ஒருவர், ஆசிரியைகள் இரண்டு பேர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். எங்களில் பாதிப் பேரிடம் கியர் கிடையாது. ஞாயிறு விடியும் முன்னே கிளம்பி வடக்கே பழவேற்காடு வரை போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம், போய்வர நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட வரும்.

தென்சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடற்கரைச் சாலை எப்படிப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், நிலக்கரி, சாம்பல், கன்டெய்னர் லாரிகள் எல்லாம் எங்கள் வீட்டு வாசலில்தான். காலையில் துணி உலர்த்தினால் மாலையில் கறுப்புத் தூளைத் தட்டித்தான் எடுக்க வேண்டும். என் அப்பா முப்பது வருடம் மணலிக்கு டிபன் கேரியரைத் தொங்கவிட்டு சைக்கிளில்தான் வேலைக்குப் போனார், இன்றைக்கு அதே சாலையில் அவரை அனுப்ப எனக்கு மனசு வராது. போன வருடம் எங்களில் ஒருவர், விடியற்காலை இருட்டில் சாலையோரமாக விளக்கும் இல்லாமல், ஒளிரும் பட்டையும் இல்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதி, கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டிலிருந்தார். அது யாருடைய லாரி என்பது இந்த மனுவுக்குத் தேவையில்லை. அந்த இடத்தைத் தாண்டி மீஞ்சூர் போய்ச் சேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் வேறு உலகம், அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

மீஞ்சூரிலிருந்து காட்டூர், தத்தமஞ்சி பக்கமாகப் போகும் சாலையையும், பொன்னேரியிலிருந்து மெதூர், திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகும் சாலையையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பலாம். மேடென்று சொல்ல ஒன்றும் கிடையாது, கடல் மட்டத்தை ஒட்டிய தரை என்பதால் புதிதாக ஓட்டக் கற்பவரும் மூச்சு வாங்காமல் போகலாம். காற்றுதான் அங்கே மேடு. மார்கழியில் வாடை முகத்தில் அடிக்கும், போகும்போது மிதித்து மிதித்துத் தொடை வலிக்கும், திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் நெல் வயல், பனை மரம், ஏரிக்கரை. அறுவடை நேரத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். அது எங்களுக்குத் தொந்தரவே இல்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். பொன்னேரியை ஒட்டி ஓடும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில்தான் போய் விழுகிறது, நாங்களும் அந்தத் திசையிலேயே போய் அந்த ஏரியைத்தான் பார்க்கிறோம். குளிர் மாதங்களில் தண்ணீரில் பூநாரைகள் வரிசையாக நிற்கும். முதல் தடவை பார்த்த எங்கள் ஐஸ்கார அண்ணன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார், கால்மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர் அது. அவர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இன்னமும் நிற்கின்றன, எங்களோடு வரும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பார்கள்.

இந்தச் சாலைகளில் எங்களைவிட அதிகம் சைக்கிள் ஓட்டுவது அந்தந்த ஊர்ப் பிள்ளைகள்தான். அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. வேலை விஷயமாக ஒரு வார நாளில் போனபோது பள்ளி விடும் நேரத்தில் பார்த்தேன், அந்த சைக்கிள்களில் பெண்பிள்ளைகள் கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள், பின்னாலேயே மண் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, எல்லாப் பிள்ளைகளும் சாலையை விட்டு முள்ளுக்குள் இறங்கி நின்றார்கள். சைக்கிளைக் கொடுத்த அரசு அதை ஓட்டப் பயமில்லாத சாலையையும் கொடுக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

சரி, என்ன கேட்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில், தயவுசெய்து இந்தச் சாலைகளை அகலப்படுத்தாதீர்கள். சைக்கிளுக்கு வழி கேட்டால் சாலையை அகலமாக்கித் தருவதுதான் வழக்கம், அகலமானதும் லாரிக்காரர்களுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிடும், ஓரத்துப் புளியமரங்களும் பனைகளும் போய்விடும், அப்புறம் நாங்கள் வர ஒரு காரணமும் இருக்காது. குறுகலாகவும் வளைந்தும் இருப்பதால்தான் அங்கே வண்டிகள் மெதுவாகப் போகின்றன. தனிப்பாதை வேண்டாம், சிவப்புப் பெயின்ட் வேண்டாம், அலங்கார வளைவும் வேண்டாம்.

கனரக லாரிகளைப் பள்ளி நேரங்களிலும் சனி, ஞாயிறு காலை பத்து மணி வரையிலும் இந்தக் கிராமச் சாலைகளில் விடாமல் இருக்க உத்தரவிட வேண்டும். பொதுமக்கள் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளைக் கட்டுப்படுத்த 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு வழி கொடுக்கிறது. உள்ளூர் விவசாயிகளின் டிராக்டர், மீன் வண்டி, பால் வண்டி, பேருந்து எதையும் தடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் வயிற்றுப்பாட்டில் கை வைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

அடுத்தது வேகத்தடை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களில் விழுந்தவர்களில் பாதிப் பேர் வேகத்தடையில்தான் விழுந்தார்கள். ஊருக்கு ஊர் ஒவ்வொரு அளவில் இருக்கிறது, சில இடங்களில் ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது, வெள்ளைக்கோடும் இல்லை, முன்னால் பலகையும் இல்லை. வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, இரண்டு பக்கமும் சரிந்து இருக்க வேண்டும் என்று சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் 99-ஆம் எண் வழிகாட்டி நெடுநாளாகவே சொல்கிறது. அப்படிக் கட்டினால் சைக்கிள் அலைமேல் ஏறி இறங்குவது போலப் போய்விடும், காரும் மெதுவாகும். எடுக்கச் சொல்லவில்லை, பள்ளிக்கூட வாசலில் அது கட்டாயம் வேண்டும், அளவோடு கட்டி வண்ணம் அடித்துத் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம். வடிகால் மேல் போடும் இரும்புக் கம்பிகளும் அப்படித்தான். கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் நேராக உள்ளே இறங்கி ஆளைத் தூக்கி எறியும், குறுக்குவாக்கில் திருப்பிப் போட்டாலே போதும்.

மழைக்காலம் முடிந்ததும் சாலையோரத்தில் சேரும் மணலையும் ஜல்லியையும் ஒருமுறை வாரித் தர வேண்டும். காட்டுப்பள்ளியிலிருந்து கடலை ஒட்டிப் பழவேற்காட்டுக்கு வரும் சாலை அழகுதான், ஆனால் கடல் சீறும் நாட்களில் மணல் மூடிவிடுகிறது, அதனால் அதை இந்த வழியில் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். பிரியும் இடங்களில் ஊர்ப் பெயர், தூரம், சைக்கிள் படம் போட்ட சின்னப் பலகை வையுங்கள். பழவேற்காட்டில் ஒரு கழிப்பறையும் குடிதண்ணீர்க் குழாயும் வேண்டும். எங்களோடு வரும் பெண்கள் போகிற வழியில் தண்ணீர் குடிக்காமலே மிதிக்கிறார்கள், காரணம் நான் சொல்ல வேண்டியதில்லை.

பொன்னேரி, மீஞ்சூர் ரயில் நிலையங்களுக்கு வெளியே மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் வாடகை சைக்கிள் நிலையம் வைக்கவும் ஏற்பாடு செய்யலாம். நாங்கள் சின்ன வயதில் தெருமுனைக் கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டப் பழகினோம். கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்து இறங்குபவர் லாரிச் சாலையில் ஓட்டாமலே ஏரி வரை போய்விடலாம். அங்கே வருபவர்கள் நண்டும் இறாலும் சாப்பிடுவார்கள், பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டியை வாங்குவார்கள். திருவிழா கேட்கவில்லை. ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடக்கிறது, நம் பக்கம் சத்தமில்லாமல் இருக்கட்டும், பறவைகளுக்கும் அதுதான் நல்லது.

நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. மாநகராட்சி எல்லை எண்ணூரோடு முடிந்துவிடுகிறது, அதற்கு வடக்கே நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் சென்னைக்காரர்களான நாங்கள் உங்களிடம் வருகிறோம்.

முடிவெடுக்கும் முன் நீங்களோ நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரோ ஒரு ஞாயிறு எங்களோடு வந்து பாருங்கள். காலை ஐந்தரைக்கு மீஞ்சூர் ரயில் நிலைய வாசலில் நிற்போம். கூடுதலாக இரண்டு சைக்கிள், ஹெல்மெட், பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பகுதி சைக்கிளோட்டிகள் பதினான்கு பேர்.