வெள்ளைக் காக்கட்டூ கேட்பவர்களுக்கு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாகக் காரைக்குடியில் நம் பறவைக் கடைக்கு வருகிறவர்களில் பலர் போனை நீட்டி, "இந்த மாதிரி கொண்டை வச்ச வெள்ளைக் கிளி வருமா?" என்று கேட்கிறார்கள். படத்தில் இருப்பது காக்கட்டூ. நம் கடைக்கு அது வராது, சொல்லி வைத்தாலும் வரவழைத்துத் தருவதில்லை. தீவனம் நிறுத்துக்கொண்டே காரணம் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்த மடல்.

காக்கட்டூவில் 21 இனங்கள் வரை உண்டு. ஆஸ்திரேலியா, நியூ கினி, இந்தோனேசியத் தீவுகள், பிலிப்பைன்ஸ், சாலமன் தீவுகள்தான் அவற்றின் காடு. ஆஸ்திரேலியாவில் மஞ்சள் கொண்டைக்காரர்கள் நம்மூர்க் காக்கை மாதிரி கூட்டமாகத் தெருவுக்கே வருவார்கள். சிட்னியில் ஒன்றைப் பார்த்து ஒன்று குப்பைத்தொட்டி மூடியைத் திறக்கப் பழகிக்கொண்டதை 2021இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வீட்டுக்காரர்கள் மூடிமேல் செங்கல்லை வைத்தார்கள். அதையும் தள்ளிவிட்டன. இத்தனை மூளையும் நாள் முழுக்கக் கூட்டத்தோடு சுற்றும் பழக்கமும் உள்ளதை ஒற்றையாகக் கூண்டில் வைத்தால் என்ன ஆகும்?

தீவனம் கொடுக்கப் போன ஒரு வீட்டில் பார்த்தோம். தலையில் கொண்டை அழகாக இருக்கிறது. கழுத்துக்குக் கீழே நெஞ்செல்லாம் வெறும் தோல். தன் இறகைத் தானே பிடுங்கிக்கொண்டிருக்கிறது. அலகு எட்டாததால் தலை மட்டும் தப்பியது.

அந்த அலகு கெட்டியான கொட்டையை உடைக்கிற அலகு. நம் வீடுகளில் இருப்பதோ பர்மா தேக்கு நிலையும் செதுக்கு வேலைக் கதவும். கூண்டை விட்டு ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் போதும், ஆசாரியைத் தேட வேண்டியதுதான். நடுமுற்றத்து வளவில் நின்று ஒரு கத்து கத்தினால் இரண்டாங்கட்டு தாண்டி அடுத்த தெருவுக்குக் கேட்கும். இறகிலிருந்து மாவு போல வெள்ளைத் தூளும் ஓயாமல் உதிரும். மூச்சிழுப்பு உள்ளவர்கள் வீட்டுக்கு ஆகவே ஆகாது.

இதையெல்லாம் சமாளித்தாலும் ஆயுள் ஒன்று இருக்கிறது. சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு விலங்குக்காட்சி சாலையில் 'குக்கி' என்ற காக்கட்டூ 83 வயது வரை இருந்து 2016இல் இறந்தது. எல்லாமே அவ்வளவு போகாது என்றாலும், பெரிய இனங்கள் 40, 50 வருஷம் இருப்பது சாதாரணம். நம் பக்கத்தில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் பல வீடுகளில் பூட்டே திறக்கிறது. ஐயாவும் ஆச்சியும் ஆசையாக வாங்குகிற பறவையை அப்புறம் யார் பார்ப்பது? கேட்கிற எல்லோரிடமும் இதைத்தான் முதலில் கேட்கிறோம். இதுவரை யாரும் சட்டென்று பதில் சொன்னதில்லை.

காட்டில் பிடித்து விற்றே சில தீவு இனங்கள் அழியும் நிலைக்கு வந்துவிட்டன. கூடு வைக்க அவற்றுக்குப் பழைய மரத்துப் பொந்துதான் வேண்டும். ஆஸ்திரேலிய யூகலிப்டஸில் அப்படியொரு பொந்து விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். இழந்ததை ஈடுகட்ட அவற்றால் முடியாது.

சரி, கொண்டை வைத்த பறவைதான் வேண்டும் என்றால் காக்டெயில் என்ற சின்னக் கிளி இருக்கிறது. அதுவும் காக்கட்டூ குடும்பம்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை, நம் வெயிலை நிழலும் தண்ணீரும் இருந்தால் தாங்கும். சத்தம் குறைவு, சீட்டி அடிக்கும், 15, 20 வருஷம் இருக்கும். சூரியகாந்தி விதையை மட்டும் கொட்டாதீர்கள், கொழுப்பு ஏறிவிடும். தினை, கம்பு, கீரை கலந்து கொடுங்கள். சமையலறைப் பக்கம் கூண்டு வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி காய்ந்து புகைந்தால் பறவை நிமிஷத்தில் போய்விடும்.

பச்சைக்கிளி கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்: 1972 வனஉயிரினச் சட்டப்படி வளர்ப்பதும் விற்பதும் குற்றம்.

ஏற்கெனவே காக்கட்டூ வளர்ப்பவர்கள் சங்கடப்பட வேண்டாம், தீவனம் எப்போதும் போல உண்டு. ஆனால் 2024இல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். காக்டெயிலுக்கு இது தேவையில்லை. பதியாதவர்கள் வாங்கிய ரசீதையும் கால் வளைய எண்ணையும் எடுத்துக்கொண்டு மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள், உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம். பறவையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், வளையத்தைப் போட்டோ எடுத்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்,
காரைக்குடி