பிள்ளையின் படிவத்தைப் பிள்ளையே எழுதட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் வில்லுப்பாட்டிலும் களிமண் சிற்பத்திலும் மாவட்ட அளவு வரை போய் வந்தார்கள். கபடி அணி நன்றாக ஆடியது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் முயற்சியால் மாணவிகள் கழிப்பறைக்குப் புதுத் தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. உழைத்த எல்லோருக்கும் நன்றி. பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு வழக்கம்போல நடக்கும்.

சரி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போன மாதம் உயர்கல்வி விருப்பப் படிவம் ஒன்று கொடுத்தனுப்பினோம். ஒரே பக்கம்தான். என்ன படிக்க ஆசை, ஏன், இதுவரை விடுமுறையிலோ வீட்டிலோ என்ன வேலை செய்து பார்த்திருக்கிறாய், அதில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை. அவ்வளவுதான் கேள்வி. திரும்பி வந்தவற்றை நானே உட்கார்ந்து படித்தேன். பாதிக்கு மேல் பெரியவர்கள் கையெழுத்து. 'ஏன்' என்ற இடத்தில் 'நல்ல சம்பளம்' என்று ஒரே பதில். வேலை பற்றிய கேள்விக்கு ஒரு கோடு. ஒரு படிவத்தில் பிள்ளை எழுதியிருந்ததை வைட்னர் வைத்து அழித்து, மேலே 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று எழுதியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் 'கேட்டரிங்' என்று தெரிந்தது. அது யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் தேட வேண்டாம், கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

அதே வாரம்தான் அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரிக் களப்பயணம் போனோம். இரண்டு பேருந்து ஏற்பாடு செய்திருந்தோம், ஒன்றே போதுமானதாக இருந்தது. டியூஷன் இருக்கிறது, வீட்டில் விசேஷம் இருக்கிறது, பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று ஆளுக்கொரு காரணம். போய் வந்த பிள்ளைகள் ஆய்வகத்தையும் நூலகத்தையும் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போகாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் ஊரில் நூல் மில்லிலும் பட்டாசு ஆலையிலும் நின்று உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள்தான் அதிகம். ஒரு தடவை தப்பான படிப்பில் சேர்த்துவிட்டால் இன்னொரு தடவை பணம் கட்ட வழியில்லை. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பையன் எதைப் படித்து வேலைக்குப் போனானோ அதிலேயே நம் பிள்ளையையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. என் அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

1988-இல் நான் பிளஸ் டூ முடித்தபோது, பி.காம். படித்தால் பேங்க் வேலை கிடைக்கும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருந்தது. விருதுநகரில் தெரிந்தவர் ஒருவரின் எண்ணெய் மண்டியில் சிட்டை, அதாவது அன்றாட வரவு செலவுக் கணக்கு, எழுதச் சேர்த்துவிட்டார். காலையில் சிட்டை, மதியத்துக்கு மேல் அதைப் பேரேடு என்ற பெரிய கணக்குப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வேலை கஷ்டமாக இல்லை, ஆனால் மனதும் ஒட்டவில்லை. மண்டியில் மூட்டை சுமக்கும் அண்ணன் ஒருவர் சாயங்காலம் வந்து, தம்பி, இன்னிக்கு எனக்கு எவ்வளவு வரும் என்று கேட்பார். மூட்டைக்கு இத்தனை பைசா, இத்தனை மூட்டை என்று அவருக்குப் பெருக்கிக் காட்ட ஆரம்பித்தேன். பத்துப் பதினைந்து நாளில் அவரே போட்டுக் காட்டினார். அன்றைக்கு நடந்தே வீட்டுக்கு வந்தேன், அவ்வளவு சந்தோஷம். அப்புறம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஒரு கிராமத்துக்குப் போனபோது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பி.எட். படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அவர் சேர்த்துவிட்ட பி.காம். வீணாகவும் போகவில்லை. எம்.காம். முடித்து வணிகவியல் ஆசிரியராகத்தான் வேலைக்கு வந்தேன். படிப்பை அப்பா காட்டினார், அதை வைத்து என்ன செய்வது என்பதை அந்த மண்டிதான் காட்டியது. அந்த இரண்டு மாதம் நான் வீட்டிலேயே இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது.

கணக்கு வேலை என்றதும் சர் சி.வி. ராமன் நினைவு வருகிறது. திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906-இல், அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. ஆனாலும் 1907-இல் நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாகச் சேர்ந்தார். பகலில் அலுவலகம், காலையும் மாலையும் அங்கிருந்த அறிவியல் கழக ஆய்வகம். இடையில் வெளியூர் மாற்றல் வந்த காலம் போக, பத்து வருடமும் இப்படித்தான். 1917-இல் அந்த வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போனார். 1930-இல் நோபல் பரிசு. கல்லூரியில் பிடித்துப்போனதை அவர் வேலைக்குப் போன பிறகும் கைவிடவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் பள்ளியிலேயே பார்க்கலாம். விலங்கியல் சேர்ந்த ஒரு மாணவி, கல்லூரி ரத்த தான முகாமில் பெயர் பதிய நின்றவள், ரத்த வகை பார்க்கும் மேசைப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். டிகிரி முடித்ததும் டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் பட்டயப் படிப்பு படித்து, இப்போது லேபில் வேலை செய்கிறாள். இன்னொரு பையன் லீவில் சித்தப்பாவோடு பந்தல், ரேடியோ செட் வேலைக்குப் போனவன், ஒயரிங் பிடித்துப்போய் பாலிடெக்னிக் சேர்ந்தான், அங்கிருந்து நேராக இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டுக்குப் போனான். வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை எழுதியதை அழித்துவிட்டு மேலே எழுதுவது சரியில்லை. பதினேழு வயதுப் பிள்ளை தன் ஆசையை ஒரு தாளில் எழுதுவதைக்கூட நாம் பொறுக்கவில்லை என்றால், நாளை கல்லூரியில் பிடிக்காமல் அரியர் வைத்துக்கொண்டு தவிக்கும்போது அது நம்மிடம் வந்து சொல்லாது. இனிமேல் பெற்றோர் கையெழுத்தில் நிரப்பிய படிவத்தை வகுப்பாசிரியர் வாங்க மாட்டார். அடுத்தது, வேலை செய்து பார்க்கட்டும் என்று நான் சொல்வதைச் சாக்காக வைத்துப் பள்ளி நாளில் யாரும் பிள்ளையை வேலைக்கு அனுப்பக் கூடாது. 14 வயது நிறையாத பிள்ளையைக் கூலிக்கு வைப்பது சட்டப்படி குற்றம், 18 வயது வரை பட்டாசு போன்ற ஆபத்தான வேலை எதிலும் விடக் கூடாது. வேலைக்குப் போனதால் ஒரு பிள்ளையின் வருகைப் பதிவு குறைந்தாலும் நான் வீடு தேடி வருவேன். நான் சொல்வது, லீவில் அத்தையின் தையல் மிஷினில் உட்காருவது, மாமாவின் மளிகைக் கடையில் நிற்பது, தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, அப்புறம் ராத்திரி, இன்னிக்கு உனக்கு எது பிடிச்சது என்று நீங்கள் கேட்பது.

பணம்தான் கவலை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிப் படித்தவர்கள் கல்லூரி சேர்ந்தால் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள், நாங்களே உட்கார்ந்து போட்டுத் தருகிறோம்.

புதுப் படிவம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. பிள்ளை எழுதி முடித்த பிறகு நீங்கள் படித்துப் பாருங்கள், ஒத்துப்போகாத இடம் இருந்தால் பின்பக்கம் உங்களுக்கென்றே விட்டிருக்கும் இடத்தில் எழுதுங்கள். அதையும் நான் முழுதாகப் படிப்பேன். களப்பயணத்தைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் கேட்டிருக்கிறோம், மாணவிகளோடு இரண்டு ஆசிரியைகள் வருவார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிடலாம்.

இவ்வளவு சிரமத்திலும் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். அந்த உழைப்பை நான் தினமும் வாசலில் நின்று பார்க்கிறேன், மனதார நன்றி. ஒரு உதவியும் வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். தறி ஓட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர், நர்ஸ் அம்மா, கொத்தனார், பரோட்டா மாஸ்டர் என்று யாராக இருந்தாலும், நீங்கள் முதன்முதலில் போன வேலை எது, அங்கிருந்து இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேசினால் போதும். பேச முன்வருகிறவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்