99 வாரங்களுக்கு அப்பால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்சிகள் விட்டுக்கொடுத்துப் போவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 2010 டிசம்பரில் அதிபர் ஒபாமாவும் குடியரசுக் கட்சியினரும் செய்துகொண்ட வரி உடன்பாட்டை முன்மாதிரியாகக் காட்டியிருந்தது. அப்போது நியூஜெர்சியில் கணக்காளராகப் பணியாற்றியவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

புஷ் காலத்தில், 2001இலும் 2003இலும், வழங்கப்பட்ட வரிக்குறைப்புகள் 2010 இறுதியோடு காலாவதியாகவிருந்தன. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் ஈட்டும் தம்பதியருக்கு அவற்றை நீட்டிக்கக் கூடாது என்பதே ஒபாமாவின் நிலை. ஆனால் நவம்பர் தேர்தலில் பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கைக்கு மாறியது. வரி விவகாரம் முடியும்வரை வேறு மசோதா எதையும் எடுக்க விடமாட்டோம் என்று குடியரசுக் கட்சியின் 42 செனட்டர்களும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தனர். வேலையிழந்தோருக்குக் கூடுதல் வாரங்களுக்கு உதவித்தொகை தரும் திட்டமோ நவம்பர் இறுதியிலேயே காலாவதியாகியிருந்தது. வேலையின்மை 9.8 சதவீதமாக இருந்த அந்தக் குளிர்காலத்தில் ஒபாமா இறங்கி வந்ததை நான் குறை சொல்லமாட்டேன். செல்வந்தர் உள்பட எல்லோருக்கும் வரிக்குறைப்பு இரண்டு ஆண்டுகள், உதவித்தொகைத் திட்டம் 13 மாதங்கள் என்று முடிவானது. பத்தாண்டுகளில் 85,800 கோடி டாலர் செலவு என்று மதிப்பிடப்பட்ட அந்தச் சட்டத்தில் உதவித்தொகையின் பங்கு 6,000 கோடியைக்கூடத் தொடவில்லை.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்து, 2009 ஜனவரியில் அதை இழந்தவர். டிசம்பர் 17ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, தமக்கும் உதவி தொடரும் என்று நம்பி, உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உதவித்தொகைக்கு அன்றிருந்த உச்சவரம்பு 99 வாரங்கள். அவருக்கு அது அந்த மாதமே முடிந்திருந்தது. புதிய சட்டம் திட்டத்தின் ஆயுளை நீட்டியதே தவிர, 99க்கு மேல் ஒரு வாரம்கூடச் சேர்க்கவில்லை. அதை அவருக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதே சட்டத்தால், ஊழியர் சம்பளத்தில் பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவீதத்திலிருந்து 4.2ஆகக் குறைந்து, மாதம் 5,000 டாலர் சம்பளம் வாங்கியவருக்கு ஜனவரி முதல் 100 டாலர் கூடுதலாகக் கைக்கு வந்தது. வேலையில் இருந்த எனக்கும் அந்தச் சலுகை கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டுரையாளர் 2010 டிசம்பரோடு நிறுத்திக்கொண்டார். 2013 ஜனவரியில் தம்பதியருக்கு நாலரை லட்சம் டாலர் வருமானம் வரை அந்த வரிக்குறைப்பு நிரந்தரமாக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வருமானத்துக்கு மட்டும் பழைய 39.6 சதவீத வரி விகிதம் திரும்பியது. உதவித்தொகைக்குக் கிடைத்ததோ இன்னும் ஓர் ஆண்டு. 2013 டிசம்பர் 28 அன்று ஏறத்தாழ 13 லட்சம் பேருக்கு அது ஒரே நாளில் நின்றது. நீட்டிப்பு மசோதாவை 2014 ஏப்ரலில் செனட் நிறைவேற்றியும், பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. இந்த உடன்பாட்டை மீண்டும் எடுத்துக்காட்டும்போது, தவணை முடிந்தபின் எந்தத் தரப்பின் கையில் என்ன மிஞ்சியது என்பதையும் சேர்த்து எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
திருச்சி.