தலைவியும் தோழியும் ஒரே மேடையில்

சிங்கப்பூர்

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே அனைவரும் நலம்.

என் மாணவிகள் இருவரைப் பரதநாட்டியத்தில் ஜோடியாக ஆடவைக்கும் வேலையில் மூழ்கிக் கிடக்கிறேன். வீட்டருகே சமூக மன்றத்தில்தான் ஒத்திகை. ஒருத்தி நெடியவள், மற்றவள் குட்டை. தோள்மட்டம் ஒன்றாக வரட்டும் என்று முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் நெடியவளை இன்னும் தாழச் சொல்வார்கள் சிலர். எனக்கு அதில் சம்மதமில்லை. முழங்கால் என்ன ஆவது? உயரம் வேறாகவே இருக்கட்டும், கோணம் சரியாக இருந்தால் போதும்.

சலங்கை மட்டும் யாரையும் விடாது. தரையில் பாதம் தட்டும் தட்டடவில் இம்மி பிசகினாலும் ஒலி இரட்டித்துவிடும். கண்ணை மூடிக் கேட்டாலே யார் முந்துகிறாள் என்று தெரியும். தீர்மானம் என்ற அடவுக்கோவை தொடங்குமுன் இருவரையும் சேர்ந்து மூச்செடுக்கச் சொன்னேன். அன்று மாலையே அதை முடிக்கும் அறுதி ஒரே அடியாக விழுந்தது! கேட்டு உடல் சிலிர்த்துவிட்டது, மீனா.

தாளத்துக்கு ஆடும் நிருத்தம் இப்படிப் பயிற்சியில் வந்துவிடும். பாவம் காட்டும் அபிநயத்தில்தான் சோதனை. தனியாக ஆடுகிறவள் வெற்றிடத்தைப் பார்த்துச் 'சகியே' என்று இறைஞ்சுவாள். நமக்கும் அங்கே சகி தெரிவாள். அந்த இடத்தில் மெய்யாகவே ஒருத்தி நின்றால் அவள் என்ன செய்வது? இதற்கு விடை தேடாமல், இருவரையும் ஒரே முத்திரை பிடிக்க வைத்துவிடுகிறார்கள். ஒருத்தியின் விரகத்தை இரண்டு பேர் அச்சடித்தாற்போல் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஜோடியாக ஆடிப் புகழ்பெற்ற தனஞ்ஜயன், சாந்தா தம்பதியை நினைத்துப்பார். இருவரும் சென்னைக் கலாக்ஷேத்திரா நடனப்பள்ளியின் வார்ப்பு. ஆனால் அவருடைய கம்பீரத்தை அம்மையார் கடன் வாங்கியதே இல்லை.

இந்த ஊருக்கும் ஜோடி ஆட்டம் புதிதல்ல. 1952-இல் கே.பி. பாஸ்கர் இங்கே நடனப்பள்ளி தொடங்கினார். 1955-இல் அவர் மனைவி சாந்தா பாஸ்கர் வந்து சேர்ந்தார். பட்டாம்பூச்சிக் காதலர்கள் என்ற சீனக் கதையை அந்த அம்மையார் 1958-லேயே நம் நடனத்தில் அமைத்தார். என்ன துணிவு!

என் மனத்தில் ஓடுவது வேறு ஜோடி. இரண்டு பெண்களில் ஒருத்திக்கு எதற்குத் தலைவன் வேடம்? தலைவியும் தோழியுமாகவே நிறுத்தலாமே. சங்க அகப்பாடல்களின் கீழே 'தலைவன் சிறைப்புறத்தானாக' என்று குறிப்பு வருமே, அதைவிட நாடகம் எங்கே இருக்கிறது? அவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். தோழி தலைவியிடம் பேசுவதுபோல் அவன் காதில் விழப் பேசுகிறாள். அப்போது தலைவியின் முகம் எப்படி இருக்கும்? தோழி தனக்காக வாதாடுகிறாள் என்ற நன்றி ஒரு பக்கம், அவனைக் கடுமையாகச் சொல்லிவிடுவாளோ என்ற பதைப்பு ஒரு பக்கம். இதை ஒருத்தியே மாறி மாறிக் காட்டும்போது இரண்டு முகத்தையும் ஒருசேரப் பார்க்க முடியாது. இங்கே பார்க்கலாம். கை அசையாமல் நின்று கேட்கிறவளுக்குத்தான் கூடுதல் வேலை. சின்னவளுக்கு அது இயல்பாக வருகிறது.

சங்கப் பாடல்களை ஊன்றிப் படித்தவள் நீ. இதற்குப் பொருந்தும் பாடல் இரண்டு மூன்று எழுதி அனுப்பு. தாளம் கட்டாமல் விருத்தமாகப் பாடவைக்க எண்ணம். ராகம் சஹானாவா, முகாரியா, நீயே சொல். நவம்பரில் இங்கே எஸ்பிளனேட் கலையரங்கில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலைவிழா வரும். அதையொட்டி ஒரு வாரம் வந்து தங்கு. பிள்ளைகளை நீயும் பார்த்துத் திருத்த வேண்டும்.

அன்புடன்,
வசந்தா